சுகன்யா போட்ட ரோடு

ஆண்டிமடம் கடைவீதியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் சுகன்யாவுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பிறந்த ஊரான வரதராஜன்பேட்டையில், ஆறாம் வகுப்பு படிக்கும்போதே வீட்டு மிக்சியைப் பிரித்துப் போட்டவள். திருப்பி மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. மிக்சி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. "அப்ப இந்த ஸ்க்ரூவ எதுக்குத்தான் வச்சான்?" என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டே திரிந்தாள். வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் பைத்தியம் பிடித்தது.

இப்போது வயது முப்பத்தைந்து. ஜெயங்கொண்டத்தில் ஒரு கடையில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் கை பழகி, கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாகக் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. நம்பர் பிளேட், கடைப் பலகை, காரின் பின்கண்ணாடியில் பிள்ளைகள் பெயர், பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் எல்லாம் அவள் கையால் வெட்டி ஒட்டியதுதான். புருஷன் இளையபெருமாள் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், வரதராஜன்பேட்டை என்று போய்வரும் தனியார் பஸ்ஸில் டிரைவர். ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. அதிகம் பேசமாட்டார், பேசினால் பஸ்ஸைப் பற்றிப் பேசுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பெரம்பலூரிலிருந்து முத்தமிழ்செல்வன் என்பவர் பைக்கில் வந்து கடை முன்னால் இறங்கினார். அங்கே ஒரு காலேஜில் லேப் உதவியாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"அக்கா, இந்த ரூட்டு பஸ்ஸுக்கெல்லாம் நீங்கதான் போர்டு எழுத்து வெட்டுறீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அந்த எழுத்து வேணும்."

"வெட்டித் தரேங்க. வண்டி எங்க நிக்குது?"

"வண்டியெல்லாம் இல்லீங்க. எழுத்தப் படமா குடுத்தா போதும். கம்ப்யூட்டர்ல ஓடுற பஸ்ஸுல ஒட்டிக்குவேன்."

வேறு யாராக இருந்தாலும் படத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். சுகன்யா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். "கம்ப்யூட்டர்ல பஸ் எப்படிங்க ஓடும்? முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரவில்லை.

அவர் சொன்னது இதுதான். பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. வாங்கும்போது அதில் வெளிநாட்டு ரோடும் வெளிநாட்டு பஸ்ஸும்தான் இருக்கும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நம்மூர் ரோடு, நம்மூர் பஸ், ஏர் ஹாரன், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனிச் சின்ன ஃபைலாகச் செய்து விளையாட்டுக்குள் சொருகிவிடுகிறார்கள். சொருகுகிற ஃபைல் என்பதால் பிளக்-இன் என்று பெயர். முத்தமிழ்செல்வன் நடத்துகிற குழுவில் அறுபதுக்கு மேல் ஆட்கள். சென்னை, கோயம்புத்தூர், துபாய் என்று எங்கெங்கோ இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒன்று சேர்ந்து ஒரே ரோட்டில் வரிசையாக பஸ் ஓட்டுவார்கள்.

சுகன்யா அவருடைய போனில் அந்தக் குழுவின் வரைபடத்தைப் பார்த்தாள். அரியலூர் இருந்தது. ஜெயங்கொண்டம் ஒரு முக்கு ரோடாக இருந்தது. அதற்கு வடகிழக்கே பச்சை. வெறும் பச்சை.

"ஆண்டிமடம் எங்கங்க?"

"அத இன்னும் யாரும் போடலக்கா."

"தாலுகா ஆபீஸ் இருக்குற ஊருங்க இது! இத்தன முந்திரிக் கொல்ல இருக்கு, இத்தன பஸ் போவுது. பச்சையடிச்சு வச்சிருக்கீங்க?"

அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. முத்தமிழ்செல்வன் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்களே போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். சுகன்யா அதைப் பிடித்துக்கொண்டாள்.

விளையாட்டைக் கற்றுக்கொள்ளவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் ரோடு போட்டாள். இளையபெருமாள் வேலைக்குப் போகும் நாட்களில் காலை முதல் டிரிப்பில் ஏறி, என்ஜினுக்குப் பக்கத்துச் சீட்டில் நோட்டோடு உட்கார்ந்துகொள்வாள். எத்தனையாவது கரண்டு கம்பத்தில் வளைவு, எந்த மதகுக்குப் பக்கத்தில் ரோடு குறுகுகிறது, வேகத்தடை எத்தனை, அதில் வெள்ளைக் கோடு அழிந்துபோனது எத்தனை என்று எழுதிக்கொண்டே வருவாள். பார்த்தவர்களுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. டிரைவர் யாரோடோ பேசுகிறார், பொண்டாட்டி காவலுக்கு வருகிறாள் என்று பஸ்ஸுக்குள் கதை ஓடியது. இளையபெருமாள் காதுக்கும் வந்தது.

"ஏன்டி, என் மானத்த வாங்குற? பொம்ம பஸ்ஸுக்கு ரோடு போடுறேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"நம்பாட்டி போறாங்க. அந்த ரைஸ்மில் பக்கத்துல எத்தன கம்பம்? எண்ணும்போது பேச்சுக் குடுத்துட்டீங்க, வுட்டுட்டேன்."

"நாலு" என்றார் அவர், வேண்டா வெறுப்பாக. சரியாகத்தான் சொன்னார்.

ரோடு போடுவதைவிடப் பெரிய வித்தை ஒன்று அதில் இருந்தது. ஃபைல்களை எந்த வரிசையில் விளையாட்டுக்குள் ஏற்றுவது என்பதுதான் அது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு ஃபைல்கள் இரண்டு விதமாகச் சொன்னால், கடைசியாக ஏறியது சொல்வதே நிற்கும். ஒரு ஃபைல் இந்த இடத்தில் புளியமரம் என்று சொல்லி, பின்னால் ஏறியது அதே இடத்தில் டீக்கடை என்று சொன்னால் டீக்கடைதான். முன்னால் வந்த காதைப் பின்னால் வந்த கொம்பு மறைத்த கதை. இதை முத்தமிழ்செல்வன் போனில் அரைமணி நேரம் விளக்கினார். சுகன்யாவுக்கு அரை நிமிஷத்தில் புரிந்தது. அவள் தொழிலே அதுதானே! முதலில் பின்னணி நிறம், அதன்மேல் எழுத்து, அதன்மேல் ஓரக்கோடு. மேலே ஒட்டியதுதான் கண்ணுக்குத் தெரியும். வரிசை மாறினால் எழுத்து அடியில் புதைந்துபோகும்.

அதனால் குழுவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எல்லாவற்றுக்கும் ஆதாரமான மாஸ்டர் ஃபைலை விளையாட்டு தானாகவே முதலில் ஏற்றிக்கொள்ளும். மற்றதெல்லாம் பெயர் வரிசைப்படி ஏறும். ஆகவே ரோடு போடுகிறவர்கள் ஃபைல் பெயரை 02 என்று தொடங்க வேண்டும், பஸ் செய்கிறவர்கள் 03 என்று, போர்டும் ஹாரனும் 04 என்று. சுகன்யா தன் ஃபைலுக்கு அப்படியே 02 போட்டாள். இன்னொரு காரியமும் செய்தாள். அவள் ரோட்டில் எதிரும் புதிருமாக வண்டிகள் ஓடினால்தானே ரோடு மாதிரி இருக்கும்? எதிரே வருகிற பஸ்களின் பட்டியல் எல்லா ரோட்டுக்கும் பொது. அதில் இப்போதைக்கு இருக்கட்டும் என்று புருஷன் ஓட்டுகிற பச்சை பஸ்ஸையே நிரப்பி வைத்தாள். பின்னால் ஏறுகிற 03 ஃபைல்கள் அதன்மேல் வேறு வேறு பஸ்ஸை ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. அவள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தபோது அப்படியேதான் நடந்தது. விதவிதமான பஸ்கள் போயின, வந்தன.

குழுவின் புது வரைபடம் வெளியாவதற்கு முன்னால், அவள் ரோட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். எல்லோரும் ஃபைலை இறக்கிக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு ஓட்டத் தொடங்கினார்கள். பதினொன்று ஐந்துக்குக் கூத்து ஆரம்பித்தது.

"இங்க எல்லா பஸ்ஸும் ஒரே பஸ்ஸா வருது" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "எனக்கும்" என்றார் துபாய்க்காரர். ஒருவர் வேறு வரைபடத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். பனி மூடிய இமயமலைப் பாதையில், எதிரே பச்சை பஸ் ஒன்று ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. நெற்றியில் 'வரதராஜன்பேட்டை, வழி ஆண்டிமடம்' என்று போட்டிருக்கிறது! பாதிப் பேருக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மீதிப் பேருக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த பஸ்களையெல்லாம் ஒரு புதுசு வந்து ஒரே நாளில் விழுங்கிவிட்டதே என்று கொதித்தார்கள். இவள் ரோடே வேண்டாம், எடுத்துவிடலாம் என்று எழுதினார்கள்.

முத்தமிழ்செல்வன் தனியாகப் போன் பண்ணினார். "அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு வாட்டி ஓட்டிப் பாக்கலாம்னு பேசி வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாதுங்க. அன்னைக்கும் ரோடு சரியா வரலன்னா அத வுட்டுட்டு வரைபடத்த மூடிடுவோம். அடுத்தது அடுத்த வருஷம்தான்."

ஏழு மாதம் எண்ணிய கம்பங்கள் அத்தனையும் மறுபடி பச்சைக்குள் போய்விடும். சுகன்யாவுக்கு அழுகை முட்டியது. அழுகையைவிடப் பெரிதாக இன்னொன்று முட்டியது. 'எனக்கு மட்டும் சரியாக ஓடுகிறதே, அது ஏன்?'

திங்கட்கிழமை ஃபைலை முதலிலிருந்து சரிபார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. செவ்வாய்க்கிழமை புதிதாகச் செய்து அனுப்பினாள். அங்கே மறுபடி அதே பச்சை பஸ்தான் வந்தது. இங்கே மறுபடி நன்றாக ஓடியது. போனில் இரண்டு பேரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து ஒத்துப் பார்த்தார்கள். இவள் "ரெண்டு, ஆண்டிமடம் ரோடு" என்றாள். அவர் "ஆமாங்க, ரெண்டு, ஆண்டிமடம் ரோடு, இருக்கு" என்றார். எல்லாம் இருந்தன.

புதன்கிழமை காலை கடையைத் திறக்காமல் பஸ் ஏறக் கிளம்பிவிட்டாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் இளையபெருமாள்.

"பெரம்பலூருக்கு. அவங்க கம்ப்யூட்டர்ல நேருல பாத்துட்டு வரேன்."

"பொம்ம பஸ் ஓடலன்னு நெஜ பஸ்ஸுல அம்புட்டு தூரமா?" என்று தலையில் அடித்துக்கொண்டவர், "அரியலூர்ல எறங்கி மாறு. நேர் பஸ்ஸுக்குக் காத்து நின்னா லேட்டாவும்" என்றும் சொன்னார்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசியோடு பெரம்பலூரில் முத்தமிழ்செல்வன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் மனைவி லாவண்யா முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, டீ கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறட்டும் என்று சுகன்யா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

விளையாட்டு எந்த வரிசையில் ஃபைல்களை ஏற்றுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறக்கச் சொன்னாள். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டில் அவள் ஃபைல் இல்லை. மூன்றிலும் இல்லை. நான்கையும் தாண்டி, தொண்ணூறு ஃபைல்களுக்கும் கீழே, பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்த மாதிரி அவள் ஆண்டிமடம் ரோடு இருந்தது.

"இது ஏங்க தம்பி கடைசியில நிக்குது?"

முத்தமிழ்செல்வன் குனிந்து பார்த்தார். "ஆமாக்கா. ரெண்டுன்னுதானே ஆரம்பிக்குது? ஏன் கீழ போச்சு?"

இரண்டு பேரும் அந்தப் பெயரையே வெறித்துப் பார்த்தார்கள். லாவண்யாவும் வந்து பார்த்தாள். மூன்று பேரும் தமிழர்கள். அதனால் மூன்று பேர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. சுகன்யா பெயரைக் கண்ணால் படிப்பதை விட்டுவிட்டு, மெஷினில் வெட்டுவதற்கு முன்னால் செய்வதுபோல் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள். எண்ணிக்கையில் ஒன்று கூடுதலாக இருந்தது. முதல் விரல் 02 மேல் விழவே இல்லை. அதற்கு முன்னால் இருந்த 'உ' மேல் விழுந்தது.

பிள்ளையார் சுழி.

பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு நாளைத் தவிர அவள் எந்த வேலையையும் அது இல்லாமல் தொடங்கியதில்லை. புது ஷீட்டைப் பிரித்தால் ஓரத்தில் ஒரு சின்ன உ வெட்டி மெஷினின் மேல் ஒட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். கம்ப்யூட்டரிலும் அதே பழக்கம். வாடிக்கையாளர் படமோ, விளையாட்டு ஃபைலோ, அவள் மெஷினுக்குள் வந்தால் பெயருக்கு முன்னால் ஒரு உ விழுந்துவிடும். விரல் தானாக அடித்துவிடும். மற்றவர்களிடமிருந்து வாங்கிய தொண்ணூறு ஃபைல்களுக்கும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகையிலும் மளிகைச் சீட்டிலும் பரீட்சைத் தாளிலும் பார்த்துப் பார்த்து, அது ஒரு எழுத்து என்பதே அறுபது பேருக்கும் மறந்துபோயிருந்தது. போனில் பெயரைப் படிக்கும்போது அதை யார்தான் வாய்விட்டுப் படிப்பார்கள்?

"இருங்க, ஒண்ணு பாத்துக்கறேன்" என்று சுகன்யா அவர் கம்ப்யூட்டரிலேயே ஃபோல்டர் என்கிற காலிப் பெட்டிகள் ஐந்தை உண்டாக்கினாள். ஒன்றுக்கு உ என்று பெயர் வைத்தாள். ஒன்றுக்கு 1. ஒன்றுக்கு அ. மீதி இரண்டுக்கும் இங்கிலீஷின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். பிறகு பெயர் வரிசைப்படி நில் என்றாள். எண் முதலில் போய் நின்றது. பின்னால் இங்கிலீஷ் இரண்டும். அதற்கும் பின்னால் அ. கடைசியில் உ.

"நம்ம எழுத்தெல்லாம் அதுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கு அப்புறம்தாங்க!" என்று கூவினாள். "முதல் எழுத்தப் பாத்து எடம் போடுது. என் கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் உ இருக்கு, எல்லாம் சமம். அதனால அடுத்தாப்ல இருக்குற நம்பரப் பாத்து ஒழுங்கா நிக்குது. உங்களோடதுல என் ஃபைலுக்கு மட்டும்தான் உ. கொண்டுபோய்க் கடைசியில தள்ளிடுச்சு. கடைசியில நிக்கிறதாலதான் எல்லா பஸ்ஸு மேலயும் ஏறி உக்காந்துடுச்சு!"

எல்லாவற்றுக்கும் முதலில் நிற்கட்டும் என்று பிள்ளையாரைக் கூப்பிட்டால், மெஷின் அவரைக் கடைசியில் நிறுத்திவிட்டது. கடைசியில் நிற்பவர் சொல்தான் செல்லும் என்பதால் அவரும் இமயமலை வரைக்கும் ஆண்டிமடம் பஸ்ஸை விட்டுவிட்டார். சுகன்யா சிரித்த சிரிப்பில் டீ தட்டிக் கொட்டியது. லாவண்யாவுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

முத்தமிழ்செல்வன் மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த உ-வ எடுத்துடலாங்களாக்கா?" என்றார்.

சிரிப்பு நின்றது. எடுக்க வேண்டும் என்று அறிவுக்குத் தெரிகிறது. விரலுக்குத் தெரிய வேண்டுமே! கடை போட்ட புதிதில் அவசரத்தில் ஒரே ஒரு நாள் சுழி இல்லாமல் வெட்டப் போய், பிளேடு முறிந்து, ஷீட் வீணானது. இது ஏழு மாத வேலை. பயமாகத்தான் இருந்தது. ஃபைலுக்குள்ளே என்னென்ன இருக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. அதன் முதல் வரியில், செய்தவர் பெயரும் குறிப்பும் எழுத ஓர் இடம் உண்டு. மனிதர்களுக்காக விட்ட இடம்; மெஷின் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். சுகன்யா அங்கே ஒரு உ அடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெயரில் இருந்ததை அழித்தாள். பட்டியலில் ஆண்டிமடம் ரோடு சரசரவென்று மேலே ஏறி 02 வரிசையில் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைக்கு விடுமுறை. இளையபெருமாளுக்கும் அன்று ஓய்வு நாள். ரோடு போட்டவர்தான் வரிசையில் முதல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது குழுவின் வழக்கம். வழி தெரிந்தவர் அவர்தானே! ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரதராஜன்பேட்டை மாதா கோயில் வரைக்கும் முதல் பஸ் எங்கேயும் சிக்காமல் போய்ச் சேர்ந்தால் ரோடு வரைபடத்தில் சேரும். நடுவில் நின்றுபோனால் இல்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ரோடு போடத் தெரிந்த சுகன்யாவுக்கு ரோட்டில் போகத் தெரியாது. கடைக்குள் ஓட்டிப் பார்க்கும்போதே இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை முந்திரிக் கொல்லைக்குள் இறங்கிவிடுவாள். பத்தே முக்காலுக்கு அவள் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்துவிட்டாள். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க ஓட்டுங்களேன்."

"நானா? பொம்ம பஸ்ஸயா? வாரம் பூரா ஓட்டுறது பத்தாதா?"

"நான் ஓட்டுனா ரைஸ்மில் தாண்டமாட்டேங்க. ஏழு மாசமுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எந்தப் பட்டனை அழுத்தினால் போகும், எதை அழுத்தினால் நிற்கும் என்று கேட்டுக்கொண்டார். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை, இதெல்லாம் ஒரு வண்டியா என்று முனகினார். பின்னால் அறுபத்தொரு பஸ் வரிசைகட்டி நின்றன. சரியாகப் பதினொரு மணிக்குப் புறப்பட்டார்கள்.

முதல் ஐந்து நிமிஷம் பஸ் குடிகாரன் நடையாகப் போனது. பிறகு அவர் கை பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கரில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டு வந்தார்கள். "எதுக்க வேற வேற பஸ்ஸு வருதுப்பா!" என்று கோயம்புத்தூர்க்காரர் சொன்னதைக் கேட்டு சுகன்யாவுக்கு மூச்சு வந்தது. ரைஸ்மில் போனது. மதகு போனது. வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடைக்கு முன்னால் இளையபெருமாள் மெதுவாக்கினார். பின்னால் வந்தவர்களில் நாலு பேர் அதில் தூக்கிப் போடப்பட்டுக் கத்தினார்கள். ஆண்டிமடம் கடைவீதியில் அவளுடைய கடைப் பலகை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. இன்னும் பாதிகூட இல்லை, கொஞ்ச தூரம்தான்.

கடைவீதியைத் தாண்டி, இரண்டு பக்கமும் முந்திரிக் கொல்லைகள் வருகிற இடம். அங்கே பஸ் வேகம் குறைந்தது. ஓரம் கட்டியது. நின்றுவிட்டது.

அங்கே ஸ்டாப் கிடையாது. சுகன்யா அங்கே எதையும் வைக்கவில்லை. பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக பஸ்கள் வந்து முட்டிக்கொண்டு நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"அக்கா, என்னாச்சு? நின்னுடுச்சுங்களா?" முத்தமிழ்செல்வனின் குரல் பதறியது. "ஃபைல் மாட்டிக்கிச்சா? அக்கா?"

"போச்சு" என்றார் யாரோ.

சுகன்யா திரையைப் பார்த்தாள். மரங்கள் அசைந்துகொண்டிருந்தன, எதிரே ஒரு பஸ் போனது. மாட்டவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இடது பக்கம் படிக்கட்டு இருக்கும் திசையில், திரைக்கு வெளியே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க நிறுத்துனீங்க?"

"சிந்தாமணி ஏறணும்ல" என்றார் அவர்.

சிந்தாமணி அந்தக் கொல்லையிலிருந்து தினம் காலையில் பூக்கூடையோடு வந்து கை காட்டுகிறவள். ஸ்டாப் இல்லாவிட்டாலும் அவளுக்காக அவர் பன்னிரண்டு வருஷமாக அங்கே நிறுத்துகிறார். சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பொம்மை பஸ் என்று சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரையைப் பார்த்தார்.

சுகன்யாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எண்ணிய கம்பம், அளந்த வளைவு எல்லாம் சரியா தப்பா என்று அறுபது பேர் வந்து சொல்ல வேண்டியதில்லை. தினம் அந்த ரோட்டில் போகிற மனுஷன், அதே ரோடு என்று நம்பி நிறுத்திவிட்டார். சந்தோஷம் தாங்காமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! இருக்கீங்களா?"

"இருக்கேங்க தம்பி" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒண்ணும் மாட்டல. எங்க வூட்டுக்காரர்தான் ஓட்டுறாரு. ஆள் ஏறுது, அதான் நிறுத்தியிருக்காரு."

பின்னால் ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்புறம் முத்தமிழ்செல்வன் சொன்னார். "ஏத்திக்கிட்டே வாங்கக்கா. நாங்க நிக்கிறோம்."

அதன் பிறகும் இளையபெருமாள் பஸ்ஸை எடுக்கவில்லை. கை பட்டன் பக்கத்திலேயே இருந்தது. காது மட்டும் எதற்கோ காத்திருந்தது. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று சுகன்யாவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. ஏழு மாதம் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவள் அல்லவா?

"போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தாள்.

பஸ் நகர்ந்தது. பின்னால் இருந்த அறுபத்தொரு பஸ்ஸும் நகர்ந்தன.